கட்டம் எண்ணும் கைகள்

சென்னையிலிருந்து ஆந்திர எல்லையை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே அமைந்துள்ள ஊர் கவரைப்பேட்டை. மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் புறநகர் மின்வண்டி எண்ணூரின் புகைபோக்கிகளையும், மீஞ்சூரையும், பொன்னேரியையும் கடந்து இவ்வூரை அடைகிறது. வண்டியை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் வயல்களும் ஏரிகளும். மறுபக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓயாது ஓடும் கனரக வாகனங்கள். ஆரணி ஆறு இப்பகுதியைத் தழுவிச் சென்றே பழவேற்காட்டில் கலக்கிறது.

நாளேடு படிப்போருக்கு இவ்வூரின் பெயர் 2024 அக்டோபர் 11-ஆம் நாள் இரவு அறிமுகமாகியிருக்கும். மைசூரிலிருந்து தர்பங்கா சென்றுகொண்டிருந்த பாக்மதி விரைவு வண்டி, இங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதிய நாள் அது. இறைவன் அருளால் உயிரிழப்பு ஏதும் நேரவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இவ்வூர் செய்தியில் அடிபடாத ஊர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கி விடியற்காலையில் பேருந்துகள் செல்கின்றன; வேலை முறை முடிந்து அவை திரும்பி வருகின்றன. இரும்பும் இயந்திரமும் ஆட்சி செய்யும் இந்தப் பகுதியில் ஊசியையும் நூலையும் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசக சகோதரிகள் கேட்கலாம். இருக்கிறது. சொல்லப் போனால், இங்கேதான் அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

மாமியின் கேள்வி

எம்மிடம் ஓதிய மாணவி ஒருத்தி மணமாகி இவ்வூரில் வாழ்கிறாள். அவளைக் காணச் சென்றபோது, கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட பூத்தையல் ஒன்று என் கண்ணில் பட்டது. வெண்ணிறத் துணியில் பச்சையும் கருஞ்சிவப்புமாகப் பூக்கொடி. நடுவே கட்டம் கட்டமாக அமைந்த எழுத்துகளில் ‘பிஸ்மில்லாஹ்’. தூரத்திலிருந்து பார்த்தால் வண்ண ஓவியம் போலிருக்கிறது. அருகில் சென்றால் அவ்வளவும் சின்னஞ்சிறு பெருக்கல் குறிகள்! ‘கிராஸ் ஸ்டிச்’ என்று நம் வீடுகளில் வழங்கும் குறுக்குத் தையல்தான் அது.

இவ்வூர் பூத்தையலுக்குப் புகழ்பெற்ற ஊர் அன்று. வீட்டு வேலைகளுக்கிடையே, தன் விருப்பத்துக்காக அந்தப் பெண் செய்தது அது. ஆறு மாத உழைப்பு என்றாள். நான் பாராட்டிக்கொண்டிருந்தபோது, தேநீர் கொண்டுவந்த அவளுடைய மாமியார் அருகில் அமர்ந்தார்.

“அழகாத்தான் இருக்கு, முஅல்லிமா. இல்லேன்னு சொல்லலை. ஆனா ஆறு மாசம் குனிஞ்சு குத்தினதுக்கு என்ன கெடைச்சுது? அந்த நேரத்துல ஆரி வேலை செஞ்சிருந்தா நாலு காசு பார்த்திருக்கலாமில்ல? நீங்களே சொல்லுங்க.”

மருமகள் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியின் குரலில் கடுமை இல்லை; குடும்பத்தின் வரவு செலவை அறிந்த ஒரு தாயின் நியாயமான கேள்வி அது. ஆகவே, “சும்மா இருங்கள் மாமி” என்று சொல்லிக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே.

எண்ணிக்கையே இலக்கணம்

முதலில், இந்தக் கலையின் தன்மையைச் சற்று அறிவோம். சங்கிலித் தையல், காம்புத் தையல், மீன்முள் தையல் போன்றவற்றுக்குத் துணியில் படம் வரைந்துகொண்டு, அந்தக் கோட்டின் மீது ஊசியைச் செலுத்துகிறோம். குறுக்குத் தையலுக்குக் கோடு கிடையாது. அதற்கு எண்ணிக்கையே வழிகாட்டி. கடைகளில் ‘மேட்டி’ என்று கேட்டால் தரும் துணியில், நூல்கள் கூட்டம் கூட்டமாகப் பின்னி நெய்யப்பட்டிருப்பதால், ஒழுங்கான துளைகள் வரிசையாகத் தெரியும். நான்கு துளைகள் சேர்ந்தால் ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. மாதிரித் தாளிலும் இதே போன்ற கட்டங்களே. தாளில் ஒரு கட்டம், துணியில் ஒரு தையல். அவ்வளவுதான் அதன் இலக்கணம்.

ஆயினும் எளிய இலக்கணத்திலும் கண்டிப்பான விதிகள் உண்டு. முதற்கோடு இடமிருந்து வலமாகச் சாய்ந்தால், அந்தத் துணி முழுவதிலும் முதற்கோடு அப்படியே சாய வேண்டும். மேற்கோடு எல்லா இடங்களிலும் எதிர்ப்பக்கமாகவே விழ வேண்டும். பத்துத் தையல்கள் மாறிச் சாய்ந்தாலும் ஒளி அங்கே வேறு விதமாகப் பட்டு, குறை பளிச்சென்று தெரிந்துவிடும். நூலில் முடிச்சு இடலாகாது. நூல் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் செருகி நிறுத்த வேண்டும். ஒரு கட்டம் தவறாக எண்ணினால், அந்தத் தவறு அடுத்த வரியிலும், அதற்கடுத்த வரியிலும் தொடர்ந்து, பூவின் இதழ் தண்டின்மீது ஏறி நிற்கும். பிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நல்ல தையற்காரியை அறிய வேண்டுமானால் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பார்கள். முன்பக்கம் எல்லோருக்கும் அழகாக அமையும். பின்பக்கத்தில் நூல்கள் தாறுமாறாகத் தாவாமல், முடிச்சுகள் புடைக்காமல் இருக்கிறதா என்பதே அவளுடைய தகுதிக்குச் சான்று. யாரும் பார்க்காத பக்கத்தையும் செவ்வையாக வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு நம் மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டு. இக்லாஸ் என்று பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் அந்தப் பண்பை, ஒரு முழத் துணியும் கற்பிக்கிறது.

அந்தச் சட்டத்திலிருந்த எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். அரபு எழுத்து வகைகளில் ‘சதுரக் கூஃபி’ என்று ஒன்று உண்டு. வளைவே இல்லாமல், நேர்கோடுகளாலும் செங்கோணங்களாலும் ஆனது. ஈரான், நடு ஆசியப் பகுதிகளின் பழைய பள்ளிவாசல் சுவர்களில் செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கியே இந்த எழுத்தில் இறைநாமங்களை அமைத்திருக்கிறார்கள். செங்கல்லால் எழுத வாய்த்த எழுத்து, கட்டத் துணியிலும் இயல்பாக அமைந்துவிடுகிறது. உருவப் படங்களை விரும்பாத நம் இல்லங்களுக்கு எழுத்தும், கொடியும், வடிவக் கோலங்களுமே போதிய செல்வமன்றோ!

கைலியின் பிறந்தகம்

கட்டங்களைப் பற்றிப் பேசும்போது, கவரைப்பேட்டைக்குக் கிழக்கே உள்ள பழவேற்காட்டை மறக்க இயலாது. பொன்னேரி சென்று, அங்கிருந்து பேருந்து ஏறினால் கடலும் ஏரியும் சந்திக்கும் அந்தப் பழம்பெரும் துறைமுகத்தை அடையலாம். 1610-இல் டச்சுக்காரர் இங்கே காலூன்றினர். 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய வாணிபத்துக்குப் பழவேற்காடே தலைநகர். அவர்களை இங்கே இழுத்தது பொன்னன்று, துணி. கீழை நாட்டுத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால், அங்குள்ள மக்கள் விரும்பிக் கேட்ட சோழமண்டலத்துத் துணியைக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது.

அந்தத் துணிகளில் ஒன்று வண்ண நூலால் கட்டம் போட்டு நெய்த பருத்தித் துணி. பழவேற்காட்டின் பெயர் அயலார் நாவில் ‘புலிக்காட்’ என்று திரிந்தது. ஆங்கில அகராதிகளில் ‘புல்லிகேட்’ என்பது வண்ணக் கைக்குட்டையின் பெயராகவே இடம்பெற்றுவிட்டது. ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே பெயரில் அதைப் போன்ற துணியை நெய்து விற்றார்கள். நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியைக் கடைக்காரர் இன்றும் ‘பாளையக்காட்’ என்று சொல்லி விரிக்கிறாரே, அந்தச் சொல்லும் இந்த ஊரின் பெயரே.

இதில் தையல் வேலைக்கு என்ன தொடர்பு என்றால், கட்டம் போட்ட துணியே குறுக்குத் தையலுக்கு இயற்கையாக அமைந்த மாதிரித் தாள். நீலமும் வெள்ளையுமான சிறு கட்டத் துணியை எடுத்து, அடர்ந்த கட்டத்தில் அடர்ந்த நிற நூலாலும், வெளிர்ந்த கட்டத்தில் வெள்ளை நூலாலும் ஒவ்வொரு பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே போனால், சரிகை வேலை போன்ற தோற்றம் தானாக எழும். துளை எண்ண வேண்டியதில்லை. மேட்டித் துணி வாங்க வேண்டியதுமில்லை. தலையணை உறை, மேசை விரிப்பு, உணவுத் தட்டை மூடும் துணி ஆகியவற்றை இவ்வாறு அழகு செய்யலாம். நெசவாளர் தறியில் எண்ணி வைத்த கட்டத்தை வீட்டுப் பெண் ஊசியால் தொடர்கிறாள்.

நீலகிரியும் பாலஸ்தீனமும்

நூல் எண்ணித் தைக்கும் கலை நமக்கு மேல்நாட்டார் கொண்டுவந்து கொடுத்தது என்றொரு எண்ணம் பரவலாக இருக்கிறது. நம் மாநிலத்திலேயே நீலகிரியில் வாழும் தோதவர் சமூகப் பெண்கள், வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தைக்கும் வேலையைப் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். படம் வரைவதில்லை, அச்சுப் பதிப்பதில்லை; துணியின் இழைகளை விரலால் எண்ணியே தைக்கிறார்கள். அவர்களுடைய வேலையின் இரு பக்கங்களும் பயன்படும் அளவுக்கு ஒழுங்குடையவை. 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கடல் கடந்து சென்றால், குறுக்குத் தையலைத் தங்கள் மண்ணின் அடையாளமாகவே கொண்ட மக்கள் பாலஸ்தீனியர். ‘தத்ரீஸ்’ என்று அவர்கள் வழங்கும் இக்கலையில், சைப்ரஸ் மரம், நட்சத்திரம், பிறை, பறவை எனப் பல வடிவங்கள் உண்டு. பெண் அணிந்திருக்கும் அங்கியின் மார்புப் பகுதித் தையலைப் பார்த்தே அவள் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவள் என்று சொல்லக்கூடிய காலம் இருந்தது. பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் 1746-இல் தோன்றிய டி.எம்.சி. நிறுவனத்தின் நூல்களும் மாதிரிப் புத்தகங்களும் 20-ஆம் நூற்றாண்டில் அந்தக் கிராமங்களை எட்டியபோது, பெண்கள் புதிய பூக்களையும் ஏற்றுக்கொண்டார்கள்; பழைய வடிவங்களையும் விடவில்லை. 1948-இல் ஊரையும் வீட்டையும் இழந்து முகாம்களுக்குச் சென்றவர்கள், தங்கள் கிராமத்தின் வடிவத்தைத் துணியில் காத்தார்கள். ஊர் இல்லாமற்போன பின்பும் ஊரின் தையல் மகளுக்கும் பேத்திக்கும் வந்து சேர்ந்தது. 2021-இல் யுனெஸ்கோ இக்கலையை மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அந்தப் பெண்கள் தொடங்கியபோது விலைக்காகத் தைக்கவில்லை. தம் மண நாளுக்கும் தம் மகளுக்கும் தைத்தார்கள். பின்னாளில் முகாம் வாழ்க்கையில் அதுவே பலருக்கு உணவுக்கு வழியும் ஆயிற்று. வீட்டுக்காகக் கற்ற கை கைவிடவில்லை.

இரண்டு கணக்குகள்

இப்போது மாமியின் கேள்விக்கு வருவோம். வெறும் உணர்ச்சியால் விடை சொல்லாமல், கணக்குப் போட்டே பார்க்கலாம்.

அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள துணியில், 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் கொண்ட சிறிய பூ வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளத்தில் 84, அகலத்தில் 56. முழுவதும் நிரப்பினால் 4,704 குறுக்குத் தையல்கள். மணிக்கு 100 தைக்கும் கைக்கு 47 மணி நேர வேலை. அதை 500 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொண்டு, துணிக்கும் நூலுக்கும் 100 ரூபாயைக் கழித்தால், மணிக்கு 9 ரூபாய்கூடத் தேறாது. கணினியால் இயங்கும் பூத்தையல் இயந்திரமோ நிமிடத்துக்குப் பல நூறு தையல்களைப் போட்டுத் தள்ளிவிடுகிறது. ஆகவே, விலைப் போட்டியில் இந்தக் கை வெல்லாது. இதுவரை மாமி சொன்னதே சரி.

ஆரி வேலையின் கதை வேறு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், கொக்கி போன்ற ஊசியால் விரைந்து சங்கிலித் தையலிட்டு, மணியும் ஜரிகையும் பதிக்கும் அந்தத் தொழிலுக்கு மணப்பெண் ரவிக்கைகளால் நல்ல கிராக்கி இருக்கிறது. பொருளீட்ட வேண்டிய தேவையுள்ள சகோதரி அதைக் கற்பதே அறிவுடைமை. உழைத்து ஈட்டுவது நமக்குப் புதிதன்று. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் தோலைப் பதப்படுத்தியும் தைத்தும் ஈட்டிய பொருளைத் தருமம் செய்தவர்கள் என்று வரலாறு கூறுகிறது.

ஆனால் எல்லா வேலைகளையும் ஒரே தராசில் நிறுப்பது சரியாகுமா? தொழிற்சாலையில் நேரம் மணி ஒலியால் அளக்கப்படுகிறது. வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலையில் நாள் குறிக்கப்படுகிறது. நிறத்தை அவர் சொல்கிறார், வடிவத்தையும் அவரே சொல்கிறார். வீட்டில் தனக்காகத் தைக்கும் பெண்ணுக்கு மட்டும் நிறமும் நேரமும் சொந்தம். அடுப்படிக்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் இடையே கிடைக்கும் அரை மணி நேரத்தில், அவள் யாருடைய ஏவலும் இன்றி ஒன்றைத் தொடங்குகிறாள். தன் முயற்சியால் அது வளர்வதைக் கண்ணால் காண்கிறாள். சமைத்த உணவு அன்றே தீரும்; துவைத்த துணி மறுநாள் அழுக்காகும். வீட்டு வேலைகளில் செய்தது செய்தபடி நிலைத்து நிற்பது மிகச் சில. அவற்றுள் ஒன்று இந்தத் தையல்.

என் மாணவியிடம் கேட்டேன்: “தைக்கும்போது என்ன நினைப்பாய்?” அவள் சிரித்தாள். “ஒண்ணும் நினைக்க முடியாது, முஅல்லிமா. நினைச்சா எண்ணிக்கை தப்பிடும்.” அந்த விடையைக் கேட்டு மாமியும் சிரித்துவிட்டார். நாள் முழுவதும் ஓராயிரம் கவலைகளைச் சுமக்கும் பெண்ணின் மனத்துக்கு அரை மணி நேர ஓய்வு கிடைப்பதற்கு என்ன விலை போடலாம்? கைப்பேசித் திரையில் அதே அரை மணி நேரத்தைக் கழிப்போர் நம்மில் எத்தனை பேர்! அதனால் என்ன வருமானம் என்று யாரும் கேட்பதில்லையே.

“அப்படின்னா சரி, முஅல்லிமா. ஆனா கண்ணைக் கெடுத்துக்கக் கூடாது, ராத்திரியில தைக்கக் கூடாது” என்றார் மாமி. அது நல்ல தீர்ப்பு. மருமகளின் முகம் மலர்ந்தது.

விற்பதானால்...

பணத்துக்காகவும் கைவேலை செய்யலாம்; ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாகாது. இதற்கும் பழவேற்காடு பாடம் சொல்கிறது. அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனையின் குருத்தோலையைக் காயவைத்து, மெல்லிய கீற்றுகளாக வகிர்ந்து, சாயமேற்றிப் பெட்டிகளும் கூடைகளும் பின்னுகிறார்கள். வீட்டு முற்றத்தில், சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் நடுவே நடக்கும் வேலை அது. அதுவும் எண்ணிக்கைக் கலைதான். ஓலை மாறி விழுந்தால் கோலம் குலையும். ஓர் ஊரின் பெண்கள் சேர்ந்து செய்ததாலும், பொருள் சென்னையின் கைவினைக் கண்காட்சிகள் வரை சென்றதாலும் அதற்கு ஒரு பெயர் ஏற்பட்டது. தனியாக இருந்தால் தரகர் சொல்வதே விலை. சேர்ந்து நின்றால்தான் நம் விலையை நாம் சொல்ல முடியும்.

ஆகவே பூத்தையலை விற்க விரும்பும் சகோதரிகள், நூலின் விலையை மட்டும் எழுதாமல், செலவான மணிகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். மணிக்கு இவ்வளவு என்று கூலி சேர்த்த பிறகு விலை சொல்லட்டும். அந்த விலைக்கு வாங்க ஆளில்லையெனில், அதை அன்பளிப்பாகக் கொடுக்கட்டும். பாதி விலைக்குக் கொடுப்பதைவிட முழு மனத்துடன் கொடுப்பது மேலானது. திருமண வீட்டில் பத்தோடு பதினொன்றாகச் சேரும் பாத்திரத்தைக் காட்டிலும், பெயரும் நாளும் தைத்த ஒரு சிறு துணி அந்த வீட்டில் நெடுநாள் நிலைக்கும்.

தொடங்குவோருக்கு

புதிதாகக் கற்க விரும்புவோருக்குச் சில சொற்கள். அரை மீட்டர் மேட்டித் துணியும், முனை மழுங்கிய 24-ஆம் எண் ஊசியும், மூன்று நிற நூல்களும் போதும். கடையில் கிடைக்கும் பூத்தையல் நூலில் ஆறு இழைகள் முறுக்கியிருக்கும். அங்குலத்துக்கு 14 கட்டத் துணிக்கு இரண்டு இழைகளைப் பிரித்தெடுத்துக் கோத்துக்கொள்ளுங்கள். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீண்ட நூல் சிக்கும், தேயும். துணியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மடித்து நடுப்புள்ளியைக் கண்டு, அங்கிருந்தே தொடங்குங்கள். பத்துக் கட்டத்துக்கு ஒரு முறை வேறு நிற நூலால் மெல்லிய ஓட்டுத் தையல் போட்டு வைத்துக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. வேலை முடிந்ததும் அதை உருவிவிடலாம். பகல் வெளிச்சத்தில், சன்னலருகே அமருங்கள். அரை மணிக்கொரு முறை கண்ணைத் தூரத்துப் பசுமையில் செலுத்துங்கள்.

தவறினால் பிரிக்கத் தயங்காதீர்கள். ஆனால் முழுவதையும் பிரித்தெறிந்து விடாதீர்கள். உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துவிட்ட பெண்ணின் உவமையைத் திருமறையின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயம் நம் முன் வைக்கிறது. வாக்குறுதியைக் குலைப்போருக்காகச் சொல்லப்பட்ட உவமை அது. தொடங்கியதை முடிக்கும் உறுதி ஊசி பிடிக்கும் கைக்கும் வேண்டும்.

வீட்டில் மகளோ மருமகளோ ஊசியும் நூலுமாக அமர்ந்திருந்தால், அவளிடம் முதலில் வருமானத்தைக் கேட்காதீர்கள். அருகில் அமர்ந்து, “எத்தனை கட்டம் முடிந்தது, கண்ணு?” என்று கேளுங்கள். முடிந்தால் அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.